கிளிக்

தம்பெரே, ஜூலை. ஏரிக்கரைப் பூங்கா.
வாசலில் கட்டிவிட்ட மஞ்சள் காகிதப் பட்டை
மெர்யாவின் கையில் வளையல்போல் ஆடியது.
என் கையில் கடித்தது.
அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

முதலில் தண்ணீர்ச் சறுக்கு.
முன்னால் அவள், பின்னால் நான்.
என் எடைக்குப் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது.
அலை அவளைத் தொடாமல் தாண்டி வந்து
என் மடியில் உட்கார்ந்துகொண்டது.
"உன்னைத் தேடித்தான் வந்திருக்கிறது, ஹெய்மோ."

பகலுக்குக் கறுப்பு சாசேஜ்.
ரத்தமும் ரை மாவும் அடைத்தது,
தொட்டுக்கொள்ள லிங்கன்பெர்ரி ஜாம், குடிக்கக் குளிர்ந்த பால்.
எங்கள் ஊரில் அதைக் காசைச் சொல்லித்தான் கேட்பார்கள்.
மெர்யா, மூன்று யூரோவுக்கு என்றாள்.
நான், எட்டுக்கு.
கடைக்காரி என் வயிற்றைப் பார்க்காமலிருக்க
மிகவும் பாடுபட்டாள்.

பிறகு ரோலர் கோஸ்டர்.
இருபத்தாறு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவன் நான்.
கண்ணாடியில் பார்த்துக் கதவை மூடுவேன்,
பிறகுதான் நகர்த்துவேன்.
இங்கே முன்னால் ஆளே இல்லை.
வண்டி தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளுமாம்.
"பயமா?" என்றாள்.
"பொறாமை" என்றேன்.

மடிமேல் கம்பி இறங்கியது.
அவளுக்கு, கிளிக்.
எனக்கு ஒன்றும் இல்லை.
பரு ஆறாத பையன் ஒருவன் வந்து அழுத்தினான்.
முழங்கையால் அழுத்தினான்.
மூச்சை விடுங்கள் என்றான்.
மூச்சை விட்டேன்.
எட்டு யூரோவை எங்கே விடுவது?
வரிசையில் முப்பது பேர்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
அத்தனை சத்தமான மௌனத்தை
இந்த நாட்டில்கூட நான் கேட்டதில்லை.

எழுந்தேன். அவளும் எழப் பார்த்தாள்.
"நீ போ."
"நிஜமாகவா?"
"காசு கொடுத்தாயிற்று, போ."
பையைத் தந்தாள், மூக்குக் கண்ணாடியைத் தந்தாள்,
ஒரே ஒரு கடி கடித்த சர்க்கரை டோனட்டையும் தந்தாள்.
என் இடத்தில் ஒரு சிறுமி வந்து உட்கார்ந்தாள்,
உயரக் கோட்டை இந்தக் கோடையில்தான் தாண்டியவள்.
கிளிக்.
என்னைத் திரும்பிப் பார்த்தாள், பாவி.

வேலியோரம் நின்றேன்.
வண்டி உச்சிக்கு ஏறி, ஒரு கணம், நின்றது.
எந்த நிறுத்தத்திலும் நான் அப்படி நிறுத்தியதில்லை.
அங்கிருந்து ஏரி முழுசாகத் தெரியும்.
அவளுக்குத் தெரியாது,
அவள் கண் என் உள்ளங்கையில் இருந்தது.

கவிழ்ந்தது.
இத்தனை வாய், ஒரே அலறல்.
அதில் அவளுடையது எது?
இருபத்திரண்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும்
அவள் கத்தி நான் கேட்டதில்லை.
பிரசவத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு
தாதியிடம் மன்னிப்புக் கேட்டவள்.
இரண்டாவது வளைவில் ஒன்றைப் பிடித்துவிட்டேன்:
தடித்த குரல், நடுவில் விரிசல்,
முடியும்போது சிரிப்பாகிவிடுகிறது.
இதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

இறங்கி வந்தாள்,
யாருடைய கால்களையோ இரவல் வாங்கியவள்போல்.
"கேட்டதா?"
"நன்றாகக் கேட்டது."
"நான் வாயே திறக்கவில்லை."

அப்படியானால் நான் எடுத்துக்கொண்டது யாருடைய குரல்?
தெரியவில்லை.
திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை.

இரவு பத்து. வெயில் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.
வெய்யோ ஓட்டிய பேருந்தில்
இருவரும் பயணிகளாய்.
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
என் வலது கால் தரையை மிதித்தது.
பாலம் தாண்டும்போது கண் மூடியபடியே சொன்னாள்:
"மேலே எல்லாம் நீலம்.
எது தண்ணீர், எது வானம் என்று
கேட்கத்தான் உன்னைத் தேடினேன்."
ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.
கையை நீட்டினாள்.
கண்ணாடியை எடுத்து வைத்தேன்.

"இது இல்லை" என்றாள்.

டோனட்டை நான்
முதல் வளைவிலேயே தின்றுவிட்டிருந்தேன்.